'அன்லேர்ன்' என்னும் ஆங்கில வினையைப் பொருளறிந்து கையாளும் முறை

'அன்லேர்ன்' (unlearn) என்பதற்கு 'மறத்தல்' என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்தால் பாதிப் பொருள் நழுவிவிடும். மறதி தானாக வருவது. இந்த வினையோ, கற்று ஊறிப்போன ஒன்றைத் தவறென்றோ இனி உதவாதென்றோ உணர்ந்து, முயன்று கைவிடுவதைக் குறிக்கிறது. ஆகவே இதை எழுதுமுன், கைவிடப்படுவது பழக்கமா, நம்பிக்கையா, செய்முறையா என்று பாருங்கள். தொலைபேசி எண் நினைவுக்கு வரவில்லை என்றால் 'ஃபர்கெட்' போதும். இரு விரல்களால் தட்டச்சு செய்து பழகியவர் பத்து விரல் முறைக்கு மாறும்போது, விசைப்பலகையை நோக்கித் தாழும் கண்ணையும் முந்திக்கொண்டு பாயும் ஆட்காட்டி விரல்களையும் அடக்க வேண்டியிருக்கிறதே, அங்கேதான் இவ்வினை பொருந்தும்.

பயிலரங்குகளில் ஓயாமல் ஒலிப்பதால் இதை அண்மைக்காலச் சொல் என்று எண்ணுபவர்கள் உண்டு. உண்மையில் இது 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில வழக்கில் இருந்தது. 'லேர்ன்' என்ற பகுதி பழைய ஆங்கிலத்தின் 'லியோர்னியன்' என்பதிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியின் 'லெர்னன்' அதற்கு உறவு. முன்னொட்டில்தான் கவனம் தேவை, ஏனெனில் ஆங்கிலத்தில் தோற்றத்தில் ஒன்றாகவும் பிறப்பில் வேறாகவும் உள்ள இரண்டு 'அன்'கள் இருக்கின்றன. 'அன்ஹேப்பி' என்பதில் வருவது வெறும் எதிர்மறை. 'அன்லாக்', 'அன்டை' ஆகியவற்றில் வருவது செய்த செயலைத் திருப்புவது. நம் வினையில் இருப்பது இரண்டாவது. எனவே கற்காத ஒருவரால் 'அன்லேர்ன்' செய்ய இயலாது.

இந்த இரட்டை முன்னொட்டால் ஒரு சிக்கலும் உண்டு. 'அன்லேர்னிட்' (unlearned) என்று ஒலிக்கும் பெயரடை 'கல்லாத' என்று பொருள்படும். அதே எழுத்துக்கோவையே இவ்வினையின் இறந்தகால வடிவமாகவும் வரும். குழப்பம் நேருமிடத்தில், t எழுத்தில் முடியும் 'அன்லேர்ன்ட்' (unlearnt) என்ற பிரிட்டிஷ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அகராதிகள் சில 'நினைவிலிருந்து நீக்குதல்' என்றும் பொருள் தருகின்றன. மனிதரைப் பற்றி எழுதும்போது அதை அப்படியே கொள்வது சரியன்று என்பது என் கருத்து. ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ், மணியோசையை உணவோடு இணைத்துப் பழக்கிய நாய்களிடம், உணவில்லாமல் ஓசை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டதால் உமிழ்நீர் சுரப்பது அடங்கிய பின்னரும், சிறிது இடைவெளிக்குப் பிறகு அது மீண்டும் தலைகாட்டியது. பழைய கல்வி அழியவில்லை, அடங்கியே இருந்தது. கணினித் துறையின் 'மெஷின் அன்லேர்னிங்' என்ற தொடரில் மட்டும், தரவுகளால் பயிற்சி பெற்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியிலிருந்து குறிப்பிட்ட தரவின் தாக்கத்தை நீக்குவதே நோக்கம் என்பதால், அங்கே 'நீக்குதல்' என்றே எழுதலாம்.