பிராக்கில் எடுத்த வாடகைக் காரில் பெர்லினுக்குள் செல்ல: பச்சை ஸ்டிக்கர் பெறும் முறை

பெர்லினில் எஸ்-பான் வட்ட ரயில் பாதைக்கு உட்பட்ட பகுதி முழுவதும் சுற்றுச்சூழல் மண்டலம் (அதிகம் மாசுபடுத்தும் வாகனங்களுக்குத் தடையுள்ள பகுதி) என்பதால், 2010 ஜனவரி 1 முதல் முன்கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய வாகனங்களுக்கு மட்டுமே அங்கே அனுமதி. ஜெர்மனியில் எடுக்கும் வாடகைக் கார்களில் இது பெரும்பாலும் ஒட்டப்பட்டே இருக்கும். செக் நாட்டுப் பதிவெண் கொண்ட காரில் அப்படி எதிர்பார்க்க முடியாது. மின்சாரக் காருக்கும் ஸ்டிக்கர் கட்டாயம். ஸ்டிக்கர் இல்லாத காரை மண்டலத்துக்குள் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் 100 யூரோ அபராதம் விதிக்கப்படலாம்.

ஸ்டிக்கர் ஓட்டுநருக்கோ பயணத்துக்கோ உரியதன்று, பதிவெண்ணுக்கு உரியது. வாடகைக் காரின் பதிவெண்ணோ சாவியைக் கையில் வாங்கும்வரை தெரியாது என்பதால், ஊரிலிருந்தே இணையத்தில் பணம் கட்டித் தபாலில் வரவழைக்கும் வழி இங்கே உதவாது. அரசுத் தளம் போலத் தோன்றும் சில தனியார் தளங்கள் இதற்குப் பல மடங்கு விலை கேட்பதும் உண்டு. எனவே முன்பதிவு செய்யும்போதே எல்லை தாண்ட எழுத்துபூர்வமான அனுமதியையும், பச்சை ஸ்டிக்கர் உள்ள காரையும் கேளுங்கள். அப்படி ஒரு கார் கிடைத்தால், '4' என்ற பெரிய எண்ணுக்குக் கீழேயுள்ள வெள்ளைக் கட்டத்தில் பேனாவால் எழுதியிருக்கும் எண்ணும் நம்பர் பிளேட்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் மாறியிருந்தாலும், மை வெளிறிப் படிக்க முடியாமல் போயிருந்தாலும் அது செல்லாது.

ஸ்டிக்கர் இல்லாத கார்தான் கிடைத்தது என்றால், வழியிலுள்ள டிரெஸ்டனில் வாங்கிக்கொள்ளலாம். அந்நகரில் சுற்றுச்சூழல் மண்டலம் இல்லாததால் தயங்காமல் உள்ளே செல்லலாம். டெக்ரா அல்லது டியூஃப் வாகனச் சோதனை நிலையத்தில் பதிவுச் சான்றிதழைக் காட்டினால், அதில் 'வி.9' என்று குறித்த இடத்தில் உள்ள மாசுத் தரத்தைப் பார்த்து, சில யூரோ கட்டணத்தில் அங்கேயே எண்ணை எழுதித் தருவார்கள். தரம் குறிப்பிடப்படாவிட்டால் முதல் பதிவுத் தேதியே கணக்கு: பெட்ரோல் கார் 1993 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ, டீசல் கார் 2006 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பதிவானதாக இருந்தால் பச்சை கிடைக்கும். வாடகைக் கார்கள் அதைவிடப் புதியவையாகவே இருக்கும் என்பதால் இதில் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது சான்றிதழ் காரில் இருக்கிறதா என்பதற்குத்தான்.

ஸ்டிக்கரை உரித்தால் கிழிந்துவிடும். ஆகவே வாடகை நிறுவனத்தின் சம்மதம் பெற்ற பிறகே, முன்கண்ணாடியின் உட்புறம் வலது கீழ் மூலையில் ஒட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த நிலையங்கள் திறந்திருப்பதில்லை. அன்று பயணம் என்றால், வட்டப் பாதைக்கு வெளியேயுள்ள ஒரு ரயில் நிலையத்தின் அருகே காரை நிறுத்திவிட்டு எஸ்-பானில் நகருக்குள் செல்லுங்கள்.