பெரிய இருவாச்சியைக் காண வால்பாறை செல்வோருக்கு

மழைக்காட்டில் அத்திப்பழம் போன்றவற்றைத் தின்று வாழும் பெரும் பறவையான பெரிய இருவாச்சியைப் (Great Hornbill) பார்க்கச் சென்னையிலிருந்து கிளம்புவோர் பெரும்பாலும் அதன் கூடு எங்கே இருக்கிறது என்றே முதலில் விசாரிக்கிறார்கள். எந்த அத்தி மரம் பழுத்திருக்கிறது என்று விசாரித்தால் பறவைக்கும் தொல்லையில்லை, பார்க்கும் வாய்ப்பும் கூடும்.

வால்பாறையைச் சூழ்ந்த ஆனைமலைக் காடுகளில் ஆண்டின் தொடக்க மாதங்கள் இருவாச்சியின் இனப்பெருக்கக் காலமாகும். பெண் பறவை முதிர்ந்த பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழக்கழிவையும் கொண்டு வாயிலைப் பூசி, அலகு நுழையுமளவு இடுக்கை மட்டும் விட்டுவிட்டு, மாதக்கணக்கில் உள்ளேயே அடைந்து கிடக்கிறது. சிறகிறகுகளையும் அங்கேயே உதிர்த்துவிடுவதால் ஆண் கொண்டுவரும் இரையைத் தவிர அதற்கு வேறு கதி கிடையாது. மரத்தடியில் ஆட்கள் நிற்பதைக் கண்டு ஆண் தயங்கினால் தாயும் குஞ்சும் பசியோடு காத்திருக்க நேரும். தகுந்த பொந்தை இருவாச்சி ஆண்டுதோறும் நாடி வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தேயிலைக்கும் காப்பிக்குமாக மழைக்காடு வெட்டப்பட்ட வால்பாறை மேட்டுநிலத்தில், அத்தகைய பெருமரங்கள் எஸ்டேட்டுகளுக்கு இடையே எஞ்சிய துண்டுக் காடுகளிலேயே நிற்கின்றன. இப்பறவை அழியக்கூடிய நிலையில் உள்ளதாக 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியது.

பயிற்சியைச் சென்னையிலேயே தொடங்கலாம். பழுத்த ஆலமரம் ஒன்றின் கீழ் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும்) தொலைநோக்கியுடன் காலையில் நின்று, இலைகளுக்கு நடுவே குயிலையும் செம்மார்புக் குக்குறுவானையும் தேடிப் பழகுங்கள். 1978-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளின் அனுபவசாலிகளோடு சில காலைப்பொழுதுகள் நடந்தால், தனியாகப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட விரைவில் கண் பழகும்.

பயணம் எளிதுதான். ரயிலில் கோயம்புத்தூர் வரை சென்று, பொள்ளாச்சி வழியாக ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. தென்மேற்குப் பருவமழையின் உச்சத்தைத் தவிர்த்துவிடுங்கள்; மூடுபனியில் எதுவும் தெரியாது.

அங்கு சேர்ந்ததும் உள்ளூர் வழிகாட்டியிடமோ எஸ்டேட் தொழிலாளர்களிடமோ பழுத்த அத்தி, இச்சி மரங்களைக் கேட்டறிந்து, பொதுச்சாலையிலிருந்தே அவற்றைக் கவனியுங்கள். அனுமதியின்றித் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்குவது சட்டத்துக்குப் புறம்பானது. யானையும் சிறுத்தையும் நடமாடும் ஊரில் அது அறிவீனமும்கூட. விடிந்ததும் போய்க் காத்திருப்பதே நல்லது. பெரும்பாலும் பறவைக்கு முன்பே அதன் சிறகோசை பெருமூச்சைப் போல வந்து சேரும். கறுப்பும் வெள்ளையுமான சிறகு, மஞ்சள் படிந்த கழுத்து, கறுப்புப் பட்டையிட்ட வெள்ளை வால், அலகின் மேல் மஞ்சள் புடைப்பு ஆகியவற்றைக் கண்டால் ஐயம் வேண்டாம். ஆணின் விழி சிவப்பாகவும் பெண்ணின் விழி வெளிறியும் இருக்கும். அங்கேயே தென்படும் மலபார் சாம்பல் இருவாச்சி அளவில் மிகச் சிறியது. அதற்குப் புடைப்பும் கிடையாது. முதன்முறை செல்பவர் அதைப் பெரிய இருவாச்சியின் குஞ்சென்று நினைத்துவிடுவதுண்டு.

கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். தற்செயலாகக் கூடு கண்ணில் பட்டால் உடனே விலகி, வனத்துறையிடம் மட்டும் தெரிவியுங்கள். இடம் பதிந்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அடுத்த வாரமே அந்த மரத்தடியில் கேமராக்கள் வரிசை கட்டிவிடும். மற்றபடி, பார்த்த நாள், நேரம், பறவைகளின் எண்ணிக்கை, அவை தின்ற பழத்தின் மரம் ஆகியவற்றைக் குறித்துவைத்து பறவைக் குறிப்புகளைச் சேகரிக்கும் ஈபேர்டு (eBird) இணையதளத்தில் பதிவுசெய்யுங்கள். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் கீழே விழுந்த இலையையும் பழத்தையும் படமெடுத்து வந்து, தெரிந்தவர்களிடம் காட்டிக் கேட்டபின் அதையும் பதிவில் சேர்த்துவிடலாம்.