கடலோரக் கோயிலில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால்

பிரேசிலின் சால்வதோர் நகரில் கருப்பின அடிமைகளும் விடுதலையானவர்களும் சேர்ந்த சபை 1704-ல் ஜெபமாலை மாதாவுக்குக் கோயில் கட்டத் தொடங்கியது. எசமானர் வேலை முடிந்த நேரத்தில்தான் கைவைக்க முடிந்ததால், முடிய ஏறக்குறைய நூறு ஆண்டாயிற்று. சென்னை ராயபுரம் இராயப்பர் கோயிலைப் படகுக்காரர்கள் எழுப்பினார்கள். இரண்டு ஊரிலும் அந்தக் காலத்துக் கட்டடத்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். எதிரியும் ஒன்றே, உப்புக்காற்று.

பூச்சு உதிர்கிறதென்றால் கொத்தனாரைக் கூப்பிடும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். பெரும்பாலும் அடைத்த மழைநீர்க் குழாய், அல்லது சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தளம். அதைச் சரிசெய்யாமல் பூசுவது வீண்.

கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டுங்கள். பொதபொதவென்று கேட்கும் இடத்தைச் சாக்கட்டியால் வளைத்து, அவ்வளவை மட்டும் கொத்துங்கள். பழைய சிமெண்ட் ஒட்டு இருந்தால் எடுத்தே ஆகவேண்டும். அது ஈரத்தை வெளியே விடாது. உள்ளே உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே பொரித்துத் தள்ளும். பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் துடையுங்கள், கழுவாதீர்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

சுண்ணாம்பு நீற்றும்போது டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும்; கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள். சலித்து, தண்ணீருக்கடியில் 15 நாளாவது கிடக்கட்டும். இப்படி ஊறிய சுண்ணாம்புக் களி ஒரு பங்குக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். கடற்கரை மணல் கூடவே கூடாது. கலவையில் கடுக்காய் ஊறல் சேர்ப்பது நல்லது. வெல்லமும் சேர்ப்பதுண்டு; அது கூடினால் இறுக நாளாகும், எறும்பும் வரும்.

முந்தின மாலையே சுவரை நனையுங்கள். ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம், வெடிக்கும். அடுத்த பூச்சுக்கு நேரம் வந்ததா என்பதைக் கட்டைவிரல் சொல்லும்: நகம் பதியவேண்டும், விரல் அமுங்கக் கூடாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகுகிறது. அதற்கு ஈரமும் வேண்டும். ஆகவே ஒரு வாரம் நனைந்த சாக்கைத் தொங்கவிடுங்கள்.

மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி தோது. கொடியேற்றத்துக்குப் பத்து நாள் வைத்துக்கொண்டு தொடங்கும் வழக்கம்தான் பாதி வேலையைக் கெடுக்கிறது. அவசரத்துக்குப் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் கொப்புளம் கிளம்பும். பால் பதத்துக்குக் கரைத்த சுண்ணாம்பே நாலு கை அடியுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பின்.