சாட்டிலைட் உண்மையில் எவ்வளவு பார்க்கிறது? நீங்களே சோதியுங்கள்

"சாட்டிலைட்டில் வண்டி நம்பர்கூடத் தெரியுமாமே?" என்று கேட்கும் நண்பர் எல்லோருக்கும் உண்டு. பைசா செலவில்லாமல் சோதித்துவிடலாம். லேப்டாப் இருந்தால் வசதி.

படி 1: கூகுளில் 'காப்பர்நிக்கஸ் பிரவுசர்' என்று தேடித் திறங்கள். ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் இங்கே இலவசம். பார்ப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டாம்.

படி 2: சென்னைத் துறைமுகத்துக்குப் போய், சென்டினல்-2ஐத் தேர்ந்தெடுங்கள். மார்ச் மாதத்தில் மேகமில்லாத தேதி ஒன்றைச் சொடுக்கிப் பெரிதாக்குங்கள். கன்டெய்னர் கப்பல் பளிச்சென்று தெரியும். பக்கத்துச் சாலையில் லாரியைத் தேடினால் வெறும் கட்டங்கள்தான். படத்தின் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு கார் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. காசு கொடுத்து வாங்கும் மிகத் தெளிவான வணிகப் படங்களிலேயே ஒரு புள்ளி சுமார் 30 செ.மீ. மனிதர் ஓரிரு புள்ளிதான். நம்பர் பிளேட்டோ செங்குத்தாக நிற்பது, மேலிருந்து பார்ப்பவருக்கு அதன் விளிம்புதான் மிச்சம்!

படி 3: இதுதான் முக்கியம். நான்கைந்து தேதிகளைத் திறந்து, படம் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது யுடிசி எனும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். எல்லாமே காலை பத்தரையை ஒட்டியே இருக்கும். சூரிய வெளிச்சம் ஒரே மாதிரி விழ வேண்டும் என்பதற்காகவே பாதையை அப்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டு செயற்கைக்கோள்கள் மாறி மாறி வந்தாலும் ஒரே இடத்துக்கு வழக்கமாக 5 நாளுக்கு ஒருமுறைதான். வந்தாலும் தமிழ்நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடியைக் கடக்க ஒன்றரை நிமிடம் போதும். சினிமாவில் ஓடும் காரைத் துரத்துவதெல்லாம் இதில் நடக்காது.

உளவு செயற்கைக்கோள்களின் கண் இதைவிடக் கூர்மை. ஆனால் அவையும் கணக்குப்படிதான் வரும். 1995இல் பொக்ரானில் நம் அணுகுண்டுச் சோதனைக்கான ஏற்பாடுகளைப் படமெடுத்துக் கண்டுபிடித்த அமெரிக்கா, 1998 மே 11 சோதனையைக் கோட்டைவிட்டது. நம் ராணுவப் பொறியாளர்கள் இரவில் வேலை பார்த்து, விடிவதற்குள் இயந்திரங்களைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

படி 4: இப்போது நவம்பர் தேதிகளைத் திறங்கள். பல நாள் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அப்போது சென்டினல்-1க்கு மாறுங்கள். தானே ரேடியோ அலையை அனுப்பிப் பார்க்கும் ரேடார் என்பதால் மேகமும் இருட்டும் தடையில்லை. அலையில்லாத தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஆனால் வெள்ளம் சூழ்ந்த தெருவைக் கட்டடங்களுக்கு நடுவே பிரித்தறிவது பழகியவர்களுக்கே சிரமம். முதல் தடவை ஏரியை மட்டும் பாருங்கள், போதும்.