ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தில் கைடுடன் முதல் டிரெக்கிங்: எப்படித் திட்டமிடுவது?

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே இரண்டரை, மூன்று மணி நேரம் காரில் போனால் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. மேட்டில் இருக்கும் மோஹாவி பாலைவனமும் தாழ்வான கொலராடோ பாலைவனமும் இங்கேதான் சேர்கின்றன. மினெர்வா ஹோய்ட் என்ற பெண்மணி விடாமல் போராடியதால் 1936-ல் பாதுகாப்புக்குள் வந்த இடம் இது. தேசியப் பூங்காவானது 1994-ல்.

பாதைகள் பெரும்பாலும் சுலபமானவை. பிறகு கைடு எதற்கு? இங்கே ஆட்கள் வழி தவறுவதற்கு முக்கியக் காரணம், மழைத்தண்ணீர் ஓடிக் காய்ந்த மணல் தடங்கள். பார்க்க நடைபாதை மாதிரியே இருக்கும். பாறைக்குவியல்களும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுபோலத் தெரியும். அதைவிட முக்கியமாக, ‘போதும், திரும்பலாம்’ என்று சரியான நேரத்தில் சொல்ல ஒருவர் வேண்டும். புதிதாகப் போகிறவர்களுக்கு அது தானாகத் தோன்றாது.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. கோடையில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முதல் டிரெக்கிங்குக்கு அது வேண்டவே வேண்டாம். குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும். ‘பாலைவனம்தானே’ என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

2. கைடைப் பிடியுங்கள்

செலவில்லாமல் பார்க்க வேண்டுமானால், சீசனில் பூங்கா ரேஞ்சர்களே நடத்தும் நடைகள் உண்டு. பூங்காவின் இணையதளத்தில் நாட்காட்டியைப் பாருங்கள். கீஸ் ராஞ்ச் என்ற பழைய பண்ணைக்கு ரேஞ்சருடன் மட்டுமே போக முடியும். அதற்குத் தனி டிக்கெட், முன்பே எடுத்துவிட வேண்டும்.

உங்கள் நேரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி வேண்டுமென்றால் தனியார் கைடுதான். பூங்காவுக்குள் காசு வாங்கி ஆட்களை அழைத்துப்போக அவர்களிடம் பூங்கா கொடுத்த அனுமதி இருக்க வேண்டும். அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். முதலுதவிப் பயிற்சி உண்டா, குழுவில் எத்தனை பேர், நுழைவுக் கட்டணம் சேர்த்தா தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நீங்களும் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையோ மாமியாரையோ கூட்டிப்போகிறீர்கள் என்றால் முழங்கால் வலி, சர்க்கரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் முன்பே சொல்லுங்கள். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகம் போக்குபவை. வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும் என்பதால் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

3. பாதையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் தடவைக்கு என் ஓட்டு ஹிடன் வேலிக்கு. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வட்டப்பாதை, சுற்றிலும் பாறைச்சுவர். பூமிக்கடியில் 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு உருகி இறுகிய பாறை, விரிசல் வழியே தேய்ந்து உருண்டை உருண்டையாக நிற்பதை இங்கே நன்றாகப் பார்க்கலாம். கூடவே பார்க்கர் டேம் சுற்றையும் முடித்துவிடலாம்.

கொஞ்சம் ஏற வேண்டும் என்பவர்களுக்கு ரையன் மலை. போய் வர கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், ஏற்றம் 320 மீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் வழியில் நிழலை எதிர்பார்க்க முடியாது. சூரியன் உதிக்கும்போதே ஏறத் தொடங்கிவிட வேண்டும்.

ஃபார்ட்டிநைன் பாம்ஸ் ஒயேசிஸ் பாதையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைசிப் பகுதி பனைமரங்களை நோக்கி இறக்கம், சுகமாகப் போய்விடலாம். களைத்துத் திரும்பும்போதுதான் அந்த இறக்கம் ஏற்றமாக எதிரில் நிற்கும்.

4. தண்ணீர்

பூங்காவின் நடுப்பகுதியில் குடிநீர் கிடையாது. கடையும் இல்லை, பெட்ரோல் பங்கும் இல்லை. எல்லாவற்றையும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் என்பது பூங்கா சொல்லும் கணக்கு. வெயிலில் நடப்பதாக இருந்தால் 8 லிட்டர். அரை நாள் நடைக்கு முதுகுப்பையில் 3 லிட்டர், மீதி காரில் என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் வியர்த்தால் சட்டை ஒட்டும், தெரிந்துவிடும். இங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை வந்த சுவடே இல்லாமல் காய்ந்துவிடும். ‘எனக்கு வியர்க்கவே இல்லையே’ என்று நினைத்துக் குடிக்காமல் நடப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்; அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் உடம்பில் உப்பு குறைந்துவிடும். வறுத்த கடலை, காராபூந்தி, ஓஆர்எஸ் பொட்டலம் ஏதாவது கையில் இருக்கட்டும்.

ஒரு விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்: கொண்டுவந்த தண்ணீரில் பாதி தீர்ந்தால் திரும்ப வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி.

5. உடுப்பும் ஒரு சீப்பும்

வெளிர் நிறத்தில் தளர்வான முழுக்கைச் சட்டை, சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி, விரல் மூடிய ஷூ. அப்புறம் ஒரு சீப்பு. சிரிக்காதீர்கள். இங்கே சோயா (cholla) என்றொரு கள்ளி இருக்கிறது. தூரத்திலிருந்து பஞ்சுப் பொம்மை மாதிரி தெரியும். லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று காலில் குத்திக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். சீப்பைத் தோலுக்கும் கள்ளிக்கும் நடுவில் விட்டுத் தள்ளிவிட வேண்டும், ஆட்கள் இல்லாத பக்கமாக.

6. கிளம்பும் நாள்

பூங்காவின் பெரும்பகுதியில் போனில் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நடக்கும்போது போட்டோவுக்காகப் பாறை மேல் தாவாதீர்கள். ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் கால் நடுங்கும். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கை வைக்க வேண்டாம். ராட்டில்ஸ்நேக் என்ற விஷப்பாம்பு இருக்கலாம். பாதையை விட்டு விலகி மண்ணை மிதிக்காதீர்கள். கறுத்து மொறமொறப்பாகத் தெரியும் அந்த மேல்தோல் நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டியது. ஒரு மிதியில் உடைவது மீண்டும் வளரப் பல வருடங்கள் ஆகும்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் கௌரவம் பார்க்காமல் உடனே கைடிடம் சொல்லி நிழலில் உட்காருங்கள். கூட வந்தவர் குழறிப் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடம்பை நனைத்துக் குளிரவைத்தபடியே அவசர உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

முடித்துத் திரும்பியதும் காரை எடுக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள். பாலைவன ஆமைகள் நிழல் தேடி அங்கே வந்து படுத்திருக்கும். இருந்தால் தூக்காதீர்கள், பயத்தில் சேமித்து வைத்த தண்ணீரைச் சிறுநீராக விட்டுவிடும், வறட்சியில் அதற்கு அது உயிர்ப்பிரச்சினை. தானாக நகரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கடைசியாக டிப்ஸ். தனியார் கைடுக்குக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் கொடுப்பது அமெரிக்காவில் வழக்கம், பணமாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ரேஞ்சர்கள் அரசு ஊழியர்கள். அவர்களிடம் டாலரை நீட்டிச் சங்கடப்படுத்த வேண்டாம்.