வலதுசாரி ஜனரஞ்சக வாக்குறுதிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

வரி குறையும், ஓய்வூதியத்தில் கை வைக்க மாட்டோம், வெளிநாட்டுப் பொருளுக்குச் சுங்கம் போட்டு உள்ளூர் ஆலைகளைத் திறப்போம். ஜனரஞ்சக வலதுசாரிக் கட்சியிடமிருந்து மூன்றும் ஒரே மேடையில், ஒரே கைத்தட்டலுக்குள் வந்துவிடும். பழைய பாணிப் பழமைவாதி இப்படிப் பேசுவது அபூர்வம். 1981இல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ், பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரத்தில் பற்றாக்குறையைக் குறைக்க வரியை ஏற்றினார். 364 பொருளாதார அறிஞர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டும் பின்வாங்கவில்லை. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்பது அன்றைக்கே பட்ஜெட்டில் இருந்தது. இன்றைய ஜனரஞ்சக வலதுசாரியிடம் அந்தத் தொகையை நாம்தான் தேடி எடுக்க வேண்டும். (இடதுசாரி மேடைகளுக்கும் இதே முறை பொருந்தும், அதற்குத் தனியாக எழுத வேண்டும்.)

தேர்தல் அறிக்கை, கடைசி பட்ஜெட்டின் வரவு செலவு அட்டவணை, அரசுக் கடன் பத்திர வட்டியைத் தினமும் காட்டும் ஏதாவது ஓர் இணையப் பக்கம், ஒரு கால்குலேட்டர். இவ்வளவு போதும்.

முதல் வேலை: நான்கு காலியிடங்கள்

வாக்குறுதியை ஒரே வரியில் எழுதுங்கள். எவ்வளவு, யாருக்கு, எதுவரை, எந்தச் சட்டத்தால் என்ற நான்கு இடங்களையும் நிரப்பப் பாருங்கள். நிரம்பாத இடத்தில்தான் வாக்குறுதி பின்னால் சுருங்கும்.

இத்தாலியில் 2018 தேர்தலுக்கு முன் வலதுசாரி லீகா கட்சி சொன்னது எல்லோருக்கும் 15 சதவீத ஒரே வரி. 2019இல் நடைமுறைக்கு வந்ததோ, ஆண்டுக்கு 65,000 யூரோ வரை வரவுள்ள சுயதொழில் செய்வோருக்கு மட்டும். 2023இல் அந்த வரம்பு 85,000 ஆனது. மாதச் சம்பளக்காரருக்கு அந்த 15 சதவீதம் வரவில்லை. ‘யாருக்கு’ என்ற இடத்தை முதலிலேயே கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

‘எதுவரை’ என்பதைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவின் 2017 வரிச் சட்டம் கம்பெனி வரியை 35இலிருந்து 21 சதவீதமாக, காலவரையின்றிக் குறைத்தது. தனிநபருக்கான குறைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 2025 கடைசி என்று அதே சட்டத்தில் தேதி போட்டிருந்தது. தேதி போட்டால் காகிதத்தில் பத்தாண்டுச் செலவு குறைந்து தெரியும். அப்புறம் அந்தத் தேதி நெருங்கும்போது “வரி ஏறப்போகிறது” என்று சொல்லி நீட்டிக்கலாம். 2025இல் அதுதான் நடந்தது.

நான்கு இடமும் நிரம்பிய உதாரணமும் உண்டு. போலந்தில் சட்டமும் நீதியும் கட்சி 2016 ஏப்ரலில் தொடங்கிய திட்டம்: இரண்டாவது குழந்தையிலிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 500 ஸ்வாட்டி (போலந்து நாணயம்). 2019இல் முதல் குழந்தைக்கும் விரிவானது. சொன்னார்கள், கொடுத்தார்கள். ஜனரஞ்சகம் என்றாலே வெறும் பேச்சு என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிட்டால் உங்கள் கணக்கும் தப்பாகும்.

பெருக்கல்

அதே போலந்துத் திட்டத்தையே எடுங்கள். மாதம் 500 என்றால் ஆண்டுக்கு 6,000. பத்து லட்சம் குழந்தைகளுக்கு 600 கோடி ஸ்வாட்டி. குழந்தைகளின் எண்ணிக்கையை மக்கள்தொகைப் புள்ளிவிவரத்தில் பார்த்துப் பெருக்கினால் ஒரு தோராயத் தொகை கையில் கிடைக்கும். அதைப் பட்ஜெட்டின் மொத்தச் செலவோடு வைத்துப் பாருங்கள். தனியாக நிற்கும் கோடிகளுக்கு அர்த்தமில்லை. ஒருவர் பத்தாண்டுத் தொகை சொல்லி இன்னொருவர் ஓராண்டுத் தொகை சொன்னால், இரண்டையும் ஓராண்டாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

வரிக் குறைப்பில் ஒரு பொறி இருக்கிறது. 2022இல் பிரான்ஸின் வலதுசாரித் தலைவர் மரின் லெ பென், எரிபொருள், மின்சாரம், எரிவாயுமீதான மதிப்புக்கூட்டு வரியை 20இலிருந்து 5.5 சதவீதமாகக் குறைப்பதாகச் சொன்னார். கேட்பவர் மனதில் பதிவது 14.5 சதவீத மிச்சம். வரிக்கு முன் 100 என்றால் இப்போது கொடுப்பது 120, குறைத்தபின் 105.50. மிச்சம் 120க்கு 14.50, அதாவது 12 சதவீதம் சொச்சம். அதுவும் விற்பவர் முழுவதையும் விலையில் இறக்கினால்தான். பெரிய வீடும் இரண்டு காரும் வைத்திருப்பவருக்குத் தொகையில் அதிக மிச்சம் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் எந்தக் கதவு வழியாக வருகிறது

வேறு வரி, வேறு செலவில் வெட்டு, கடன்: இந்த மூன்றும் பட்ஜெட்டில் தெரியும் கதவுகள். நான்காவது கதவு பட்ஜெட்டில் தெரியாது. செலவை வேறொருவர் கணக்குப் புத்தகத்தில் எழுதிவிடுவது அது. ஜனரஞ்சக வலதுசாரிகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான், எனவே அதிக நேரம் இங்கே செலவிடுங்கள்.

விலை உச்சவரம்பு இதில் ஒரு வகை. ஹங்கேரியில் ஓர்பான் அரசு 2021 நவம்பரில் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 480 ஃபோரிண்ட் என்று கட்டியது. உலகச் சந்தையில் விலை ஏறியதும் வெளியிலிருந்து வாங்கிவந்து 480க்கு விற்றால் நஷ்டம். இறக்குமதி செய்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பாரத்தில் பெரும்பகுதி உள்நாட்டு எண்ணெய் நிறுவனமான மோல்மீது விழுந்தது. அக்கம்பக்கத்து நாட்டுக்காரர்கள் வந்து நிரப்பிக்கொண்டு போகிறார்கள் என்று 2022 மே மாதம் வெளிநாட்டு நம்பர் பிளேட்டுகளுக்குச் சலுகையை நிறுத்தினார்கள். பெட்ரோல் நிலையங்களில் தட்டுப்பாடு முற்றிப்போய், டிசம்பர் 6 அன்று வரம்பையே எடுத்தார்கள். உச்சவரம்பைப் பார்த்தால் கேட்க வேண்டியது இரண்டு: வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள நஷ்டம் யாருடையது, அவர் எத்தனை மாதம் தாங்குவார்.

இரண்டாவது வகை சுங்க வரி. “அந்நிய நாடு கட்டும்” என்பார்கள். சுங்கச்சாவடியில் பணம் கட்டுவது இறக்குமதி செய்யும் உள்நாட்டுக் கம்பெனி; அது தன் லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், விற்கும் வெளிநாட்டு ஆலையோடு பேரம் பேசலாம், அல்லது கடை விலையில் ஏற்றலாம். 2018 தொடக்கத்தில் அமெரிக்கா, வாஷிங் மெஷின் இறக்குமதியில் முதல் 12 லட்சத்துக்கு 20 சதவீதமும் அதற்கு மேல் 50 சதவீதமும் போட்டது. வாஷிங் மெஷின் விலை ஏறியது எதிர்பார்த்ததே. துணி உலர்த்தும் டிரையருக்கு அந்தச் சுங்கம் கிடையாது, அதன் விலையும் கூடவே ஏறியது. இரண்டையும் ஜோடியாக விற்கும் கடைக்காரர் ஏற்றத்தை இரண்டிலும் பங்குபோட்டுவிட்டார். எனவே சுங்கம் விழுந்த பொருளின் விலையோடு நின்றுவிடாமல், அதோடு சேர்த்து வாங்கும் பொருளையும், அதே சாமானைச் செய்யும் உள்நாட்டுக் கம்பெனியின் விலையையும் பாருங்கள்.

கணக்குப் போடும்போது அடிக்கடி நேரும் தவறு: சுங்க விகிதத்தைக் கடை விலைமீது போடுவது. சுங்கம் இறக்குமதி மதிப்பின் மேல்தான். 100க்கு இறங்கி 200க்கு விற்கும் பொருளுக்கு 20 சதவீதம் என்றால், முழுவதும் வாடிக்கையாளர் தலையில் விழுந்தாலும் 20 தான் ஏறும். அது கடை விலையில் 10 சதவீதம். எதிரணிப் பேச்சாளர்களும் இங்கே நிறையவே மிகைப்படுத்துவார்கள்.

பதிலடியையும் கழிக்க வேண்டும். 2018 ஜூலையில் சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீதம் போட்டது. அடிபட்ட அமெரிக்க விவசாயிகளுக்கு 2018, 2019 ஆண்டுகளுக்கான நிவாரணமாக அரசு அறிவித்தது 2,000 கோடி டாலருக்கு மேல். சுங்க வருமானம் என்று காட்டும் தொகையிலிருந்து இதைக் கழித்தபின் மிச்சத்தைப் பேசலாம்.

நடுவரைக் கவனியுங்கள்

தணிக்கை அலுவலகம், மத்திய வங்கி, புள்ளிவிவரத் துறை. வாக்குறுதிக்கும் கணக்குக்கும் ஒத்துப்போகாதபோது முதலில் குறி வைக்கப்படுவது இவர்கள்தான். பிரிட்டனில் லிஸ் டிரஸ் அரசு 2022 செப்டம்பர் 23 அன்று சுமார் 4,500 கோடி பவுண்ட் வரிக் குறைப்பை அறிவித்தபோது, அரசின் கணக்கைச் சுயேச்சையாகச் சரிபார்க்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு அதோடு வெளியாகவில்லை. ஐந்தாம் நாள் 30 ஆண்டுக் கடன் பத்திர வட்டி 5 சதவீதத்தைத் தாண்டியது; இங்கிலாந்து வங்கி பத்திரங்களை வாங்க இறங்க வேண்டியதாயிற்று. அக்டோபர் 20 அன்று டிரஸ் பதவி விலகல் அறிவித்தார்.

இது ஒரு வீட்டில் எப்படி இறங்கியது என்று பார்க்கலாம். இரண்டாண்டு நிலையான வட்டிக் கடனின் சராசரி விகிதம் அந்த அக்டோபரில் 6 சதவீதத்தைக் கடந்தது. 2 லட்சம் பவுண்ட் கடன், 25 ஆண்டு என்றால் 2 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 848 பவுண்ட், 6 சதவீதத்தில் 1,289. ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்த ஆண்டு உலகம் முழுக்கவே வட்டி ஏறிக்கொண்டிருந்தது. முழுப் பழியையும் ஒருவர்மீது போடாதீர்கள். அதே நாட்களில் அமெரிக்க, ஜெர்மன் பத்திரங்கள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, வித்தியாசத்தை மட்டும் அந்த பட்ஜெட்டின் கணக்கில் எழுதுங்கள்.

துருக்கியில் நடுவரையே மாற்றினார்கள். உயர்ந்த வட்டிதான் விலைவாசியை ஏற்றுகிறது என்பது அதிபர் எர்டோகானின் வாதம். 2019 ஜூலையிலிருந்து 2021 மார்ச்சுக்குள் மூன்று மத்திய வங்கி ஆளுநர்கள் நீக்கப்பட்டார்கள். கடைசியாக நாஜி அக்பால், வட்டியை 19 சதவீதமாக ஏற்றிய இரண்டே நாளில். அடுத்தவர் காலத்தில் 2021 இறுதிக்குள் வட்டி 14க்கு இறங்கியது. 2022 அக்டோபரில் விலைவாசி உயர்வு 85 சதவீதத்தைத் தாண்டியது. துருக்கி நாணயமான லிரா சரிந்தால் டெபாசிட்காரருக்கு ஏற்படும் நஷ்டத்தை அரசுப் பணத்திலிருந்து ஈடுசெய்யும் திட்டமும் நடுவில் வந்தது. வங்கியில் சேமிப்பே இல்லாதவரும் வரி வழியாக அதற்குப் பங்கு கொடுத்தார்.

எப்போது எதைப் பார்ப்பது: அறிவித்த அன்றே நாணய மதிப்பும் நீண்டகாலப் பத்திர வட்டியும். சில வாரங்களில் வீட்டுக் கடன் விகிதம். மாதங்கள் கழித்து விலைவாசி. ஓராண்டில் பற்றாக்குறை. தேர்தல் முடிந்ததும் யாரை நிதியமைச்சராகப் போடுகிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். 2023 மே தேர்தலில் வென்ற எர்டோகான் முன்னாள் நிதியமைச்சர் மெஹ்மத் ஷிம்ஷெக்கை மீண்டும் அழைத்துவந்தார், 8.5 சதவீதத்தில் இருந்த வட்டி 2024 மார்ச்சில் 50 ஆகிவிட்டது.