மலைவீட்டுக்கு வந்த புது ஆமை: முதலில் சூடு, பிறகுதான் பழக்கம்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் வீடுகளில் புதிதாக வந்த ஆமை ஓட்டுக்குள்ளேயே கிடந்தால், "பயந்துபோய் இருக்கு, போகப் போகச் சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பயம் இல்லை, குளிர். ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். 18 டிகிரி அறையில் கிடக்கும் ஆமையால் சரியாக நடக்க முடியாது, தின்றதைச் செரிக்க முடியாது, உங்களை அடையாளம் கண்டு பழகவும் முடியாது. அதனால் மலையில் ஆமையைப் பழக்குகிற வேலை ஹீட்டரில் தொடங்குகிறது.

முதலில் எந்த ஆமை என்று பாருங்கள். ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் இருந்தால் அது நம் நட்சத்திர ஆமை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கக் கூடாது. யார் கொடுத்திருந்தாலும் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். கடைக்காரர்கள் 'சல்கட்டா' என்று விற்கும் ஆப்பிரிக்கத் தரை ஆமை வெளிநாட்டு இனம். 2024இல் வந்த விதிகளின்படி அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். முன்பு வளர்த்தவரிடம் பதிவுத் தாள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இங்கே சொல்லப்போவதெல்லாம் இந்த இனத்தின் குட்டிகளுக்கு. சகாராவின் தெற்கு விளிம்பில் பிறந்த இனம் இது. வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும், 50 ஆண்டுக்கு மேல் வாழும், குளிர்காலத் தூக்கம் என்பதே இதற்குக் கிடையாது. சூடேற்றிய தனி அறை பிற்காலத்தில் கொடுக்க முடியாதவர்கள் ஊட்டியில் இதை வளர்க்காமல் இருப்பதே நல்லது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் கூடுகிறது, சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறினாலும் இதே கதைதான். ஆமையை உச்சி வெயில் நேரத்தில், மூடியில் துளையிட்ட அட்டைப் பெட்டிக்குள் துணி விரித்து, கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள். அது வருவதற்கு இரண்டு நாள் முன்பே கூண்டு தயாராகி, ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

பத்து சென்டிமீட்டர் குட்டிக்கு நான்கடிக்கு இரண்டடி மரப்பெட்டி போதும். கண்ணாடித் தொட்டி வேண்டாம். கண்ணாடி என்பது ஆமைக்குப் புரியாது, நாள் முழுக்க அதில் முட்டி வழி தேடிக் களைத்துப்போகும். மலையில் மேல்பக்கம் திறந்த பெட்டியில் சூடு நிற்காது. அதனால் மூடியில் முக்கால் பங்கை அடைத்து, ஓர் அங்குலத் தெர்மோகோலைப் பெட்டியின் வெளிப்புறம் ஒட்டுங்கள் (உள்ளே ஒட்டினால் கடித்துத் தின்னும்). ஒரு கோடியில் 100 வாட் செராமிக் ஹீட்டர், பீங்கான் ஹோல்டரில், தரையிலிருந்து ஓரடிக்கு மேல். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். அதைத் தெர்மோஸ்டாட்டில் (சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் கருவி) இணைத்து, அதன் உணர்முனையை ஆமை ஓட்டின் உயரத்தில் கட்டுங்கள். மூடியின் பக்கம் கட்டினால் மேலே 34 காட்டும், கீழே ஆமை 22இல் கிடக்கும். மிக அதிகம் நடக்கும் தவறு இது. பகலில் சூடான கோடி 33 முதல் 35, மறு கோடி 26, இரவில் எங்கும் 24க்குக் கீழே போகக் கூடாது. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை இதற்கு நம்பாதீர்கள். அது மனித உடம்புச் சூட்டைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது.

பகலில் 12 மணி நேரம் யு.வி.பி. (புற ஊதாக் கதிர்) டியூப் எரிய வேண்டும். ஜன்னல் வழி வெயில் போதுமே என்று தோன்றும். ஓடும் எலும்பும் உறுதிப்படத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மூடுபனி மாதங்களில் டியூப்தான் சூரியன். ஒளி குறைவதற்கு முன்பே கதிர் குறைந்துவிடுவதால், எரிந்தாலும் ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். தெளிந்த நாளில் வெளியே விடலாம், ஆனால் மலை வெயில் ஏமாற்றும்: மேலே ஓடு சுடும், கீழே வயிறு ஈரமண்ணில் ஜில்லிட்டுக் கிடக்கும். பலகை போட்டு, காற்றுப் படாத சுவரோரம், பக்கத்தில் நிழலும் வைத்து, அரைமணி நேரம் விட்டால் போதும். மேலே கம்பிவலை கட்டாயம். குரங்கும் காக்கையும் கணநேரத்தில் வந்துவிடும்.

தரைக்குத் தேங்காய் நார்த்தூள், மூன்று அங்குலம், பிழிந்தால் சொட்டாத ஈரத்தில். மரப்பட்டறையில் கிடைக்கும் தைலமரத் தூள், பைன் தூள் வேண்டாம், அந்த நெடி மூச்சைக் கெடுக்கும். கரிக் கணப்பு வைக்கும் அறையிலும் கூண்டை வைக்காதீர்கள். மின்சாரம் போனால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்து, மேலே கம்பளி போர்த்துங்கள், காற்றுக்கு ஓர் ஓரம் திறந்திருக்கட்டும்.

வந்த அன்று 30 டிகிரி வெதுவெதுப்பான நீரில், தாடைக்கு எட்டாத ஆழத்தில், 20 நிமிடம் உட்காரவைத்து, துடைத்துக் கூண்டில் விட்டுவிடுங்கள். இந்தக் குளியல் குட்டிக்குத் தினமும் வேண்டும். அதைத் தவிர முதல் பத்து நாள் கையில் எடுக்க வேண்டாம். தூக்கினால் பயத்தில் சிறுநீர் விடும். அது சேமித்து வைத்த தண்ணீர், அடிக்கடி இழந்தால் உடம்பு வற்றும். பிள்ளைகள் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டுவதையும் இந்த நாட்களில் தள்ளிப்போடுங்கள்.

காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் உணவு. குளிர்ந்த வயிற்றில் போன இலை செரிக்காமல் அழுகும். முக்கால் பங்குக்கு மேல் புல்: அருகம்புல், நீலகிரியிலும் கொடையிலும் எங்கும் படர்ந்திருக்கும் கிகுயூ புல். மீதிக்குச் செம்பருத்தி இலை, பூ, மல்பெரி இலை. பசலை, பழம், சோறு, ரொட்டி, பால் வேண்டாம். தேயிலைத் தோட்ட ஓரத்துப் புல்லில் களைக்கொல்லி இருக்கும், முட்டைகோஸ் கழிவில் பூச்சிமருந்து இருக்கும். இரண்டையும் தொடாதீர்கள். வேலியோரத்து உண்ணிச்செடி, ஹைட்ரேஞ்சியா, ரோடோடெண்ட்ரான், தொங்கும் ஊமத்தை எல்லாம் நஞ்சு. சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கணவாய் ஓடு கேளுங்கள், கடல்நுரை என்றும் தருவார்கள். ஒரு துண்டைக் கூண்டில் போட்டுவைத்தால் தானே கொறிக்கும்.

தின்னத் தொடங்கியதும் பழக்கலாம். நாய்க்குட்டியைப் போல இது உங்களிடம் ஒட்டாது. உங்கள் வருகையையும் உணவையும் சேர்த்து நினைவில் வைக்கும், அவ்வளவுதான், அதுவே நிறைய. தினமும் ஒரே நேரத்தில், ஒரே கூரையோட்டுத் துண்டின் மேல் உணவு வையுங்கள். மேலிருந்து விழும் கை நிழல் பருந்தைப் போலப் படும், எனவே முன்பக்கமாக வந்து தரையில் உட்காருங்கள். பழைய பங்களாக்களின் மரத்தளத்தில் ஒவ்வொரு அடியும் அதிரும், மெல்ல நடங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் சும்மா இருங்கள். உங்கள் முன்னால் தலை நீட்டித் தின்றால், அடுத்த வாரம் செம்பருத்திப் பூவை அந்தக் கூரையோட்டின் மேல் வைத்துவிட்டுக் கையை அங்கேயே விடுங்கள். பிறகுதான் காம்பைப் பிடித்து நீட்டலாம். சிவப்பும் மஞ்சளும் இதை இழுக்கும். மருதாணி வைத்த விரலையும் பூவென்று கவ்வப் பார்க்கும், கவனம்.

மென்றுகொண்டிருந்தது பாதியில் நின்றால், கழுத்து மெல்ல உள்ளே போனால், நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். கையை எடுத்து, நாளைக்குப் பாருங்கள். 'ஸ்ஸ்' என்ற சத்தம் சீற்றம் இல்லை, தலையை இழுக்கும்போது நுரையீரலிலிருந்து காற்று வெளியேறுவது. ஒரு மாதத்துக்குப் பிறகு தாடையைத் தடவலாம், தலையுச்சியைத் தொடாதீர்கள். தூக்கினால் இரண்டு கையாலும், மட்டமாக, தரையை ஒட்டியே. ஓட்டில் உணர்ச்சி உண்டு, அதனால் தட்டிப் பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது, கயிறு கட்டத் துளையிடுவது கூடாது. தேங்காயெண்ணெய் தேய்ப்பதும் வேண்டாம், மினுமினுப்பைத் தவிர ஒன்றும் தராது, தூசியைப் பிடித்துவைக்கும். தொட்ட பிறகு சோப்பால் கை கழுவுங்கள். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டு இல்லை.

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை எழுதிவையுங்கள். சூடு சரியாக இருந்தும் ஒரு வாரம் தின்னவில்லை என்றாலோ, மூக்கில் நீர் அல்லது குமிழ் வந்தாலோ, கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சுவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும் சளி நுரையீரலுக்கு இறங்கிவிடும். புழு இருக்கிறதா என்று அறியச் சாணத்தைச் சிறு டப்பாவில் கொண்டுபோய்ச் சோதிக்கக் கேளுங்கள். மலையில் மாடும் நாயும் பார்க்கும் மருத்துவர்களே அதிகம், அவர்கள் கையில் சாதாரணமாக இருக்கும் ஐவர்மெக்டின் என்ற புழுமருந்து ஆமையைக் கொன்றுவிடும். ஊசி போடும் முன் அந்தப் பெயரைச் சொல்லி, அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.